ஏழாம் கூண்டு, மாலை 6:10

கெய்யோன் துறையிலிருந்து படகில் ஐம்பது நிமிடம்.
சால்மன் கூண்டுகளுக்கு நடுவே மிதக்கும் தகர அறை.
இணையம் எட்டாத தண்ணீர்.
ஒரு மேசை, ஒரு கெட்டில், ஒரே கணினி;
அதற்குள் இரண்டு குடித்தனம்.
பகலில் விண்டோஸ், பல்தசார் தீவனம் போட.
இரவில் லினக்ஸ், நான் ஆக்ஸிஜன் பார்க்க.

பல்தசார் ஒயார்சோவை எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஒருவர் இறங்க ஒருவர் ஏறும் அரை நிமிடமும்
விசைப்பலகைக்கு அடியில் அவன் செருகும் சீட்டும்தான்.
"கடிகாரத்தைத் தொடாதே நெல்டா.
காலை எட்டுக்கு வந்தால் நண்பகல் என்கிறது."
"தொடுவது நீதான்," என்று எழுதி வைத்தேன்.
"இரவு எட்டுக்கு வந்தால் மாலை நான்கு என்கிறது."
அவன் திருத்துவான், நான் திருத்துவேன்.
அவன் வைவான், நான் வைவேன்.
பாதிக் குளிர்காலம் இப்படி.

நேற்றிரவு லினக்ஸையே காணோம்.
எதில் நுழைய என்று கேட்கும் பட்டியல் வரவில்லை,
நேராக விண்டோஸின் நீலம்.
பென்டிரைவில் யாரோ ஏற்றிய அப்டேட்
வரிசையில் தன்னை முதலில் நிறுத்திக்கொண்டிருந்தது.
மறுபடி அணைத்து, மறுபடி போட்டு,
எஃப்-டூ விசையைக் கோழி கொத்துவதுபோல் கொத்தி
உள்ளே போய் வரிசையை மாற்றினேன்.
லினக்ஸ் எழுந்தது.
ஆனால் பொது டிரைவில் எழுத விடவில்லை:
மற்றவர் இன்னும் உறக்கத்தில் இருக்கிறாராம்.
அணைந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு
அரைக்கண் மூடிக் கிடப்பது விண்டோஸின் வழக்கம்.
திரும்பப் போய் அந்தப் பழக்கத்தை நிறுத்தி
முழுசாக உறங்கவைத்து வந்தேன்.

அப்புறம்தான் கடிகாரம்.
மதர்போர்டில் ஒரு காசளவு பேட்டரி,
அதை நம்பி ஓடும் ஒரு நேரம்.
அதைப் பார்த்து விண்டோஸ் சொல்கிறது: இது இந்த ஊர் நேரம்.
லினக்ஸ் சொல்கிறது: இது கிரீன்விச் நேரம், நான்கைக் கழி.
நாங்கள் யாரும் எதையும் கெடுக்கவில்லை.
சிரித்தேன். கெட்டிலைப் போட்டேன்.

தண்ணீர் கொதிக்கும் முன் நினைவு வந்தது
ஏழாம் கூண்டு.

ஜூன் பதினொன்று, மாலை 6:10, ஆக்ஸிஜன் மூன்றுக்குக் கீழே.
விடிந்தபோது தொள்ளாயிரம் மீன்கள் வயிறு காட்டி மிதந்தன.
மேலாளர் மான்சியா பதிவைப் படித்தார்,
ஆறு மணி பகல்காரன் கணக்கு என்றார்,
பல்தசாருக்கு அரைமாதச் சம்பளம் போயிற்று.
"ஆறு மணிக்கு அளவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
சரியாக இருந்தது." அந்த வாரச் சீட்டு.
நான் பதில் எழுதவில்லை.
பொய்தான், பாவம், என்று விட்டுவிட்டேன்.

கோப்பைத் திறந்தேன். அதே வரி.
அது இருப்பது லினக்ஸ் பக்கம்.
மாலை ஆறு மணிக்கு
லினக்ஸ் எங்கே விழித்திருந்தது?

ஆறும் நான்கும்.
இரவு பத்து பத்து.
அன்றைக்குத்தான் வீம்பாக இருந்தேன்,
இனி அவனே திருத்திக்கொள்ளட்டும் என்று.
பத்து பத்துக்கு நான் போர்வைக்குள்,
இரண்டு காதிலும் இயர்போன்.

கெட்டில் தானாக அணைந்தது.

ஒற்றை வரிக் கட்டளைதான்.
லினக்ஸ் இனி ஊர் நேரத்தையே நம்பும்.
இப்படிச் செய்வது உகந்ததல்ல என்று
ஓர் எச்சரிக்கை காட்டியது.
என்டர் தட்டினேன்.
ஏற்கெனவே எழுதிவிட்ட வரிகளை அது தொடாது.

ஏழு நாற்பதுக்குப் படகின் விளக்கு தெரிந்தது.
ஒரு சீட்டை எடுத்து
"பல்தசார், கடிகாரம் சரியாகிவிட்டது" என்று எழுதினேன்.
அத்தனையும் உண்மை.
கசக்கிக் கோட்டுப் பையில் போட்டேன்.

பலகைத் தளத்தில் உப்புப் பனி.
அரை நிமிடம் போதாது.
எஞ்சினை அணைத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கும்படி
படகுக்காரரிடம் கேட்க வேண்டும்.